வடக்குப் பக்கத்து வீட்டில் மாடி எழுகிறது: எங்கள் வீட்டு வெளிச்சத்துக்குச் சட்டத்தில் இடமுண்டா?

கேள்வி: காரைக்கால் மகள் (செயின்ட் ஆந்த்ரே அருகே)

அனைவருக்கும் வணக்கம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கிழக்குக் கரையில், செயின்ட் ஆந்த்ரேக்கு அருகில், என் மாமனார் 1980களின் தொடக்கத்தில் கட்டிய தரைத்தள வீட்டில் நாங்கள் வாழ்கிறோம். எங்கள் மனைக்கு வடக்கே ஒட்டியிருக்கும் மனையைப் புதிதாக வாங்கிய குடும்பத்தினர், அங்கிருந்த தகரக் கூரை போட்ட பழைய மரவீட்டை இடித்துவிட்டு, மாடியுடன் கூடிய வீடொன்றைக் கட்டிவருகிறார்கள். தரைத்தளச் சுவர்கள் எழுந்துவிட்டன. தூண்களின் தலையில் மாடிக்கான கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

எங்கள் சமையலறையும், மாமியாரின் படுக்கையறையும், சாமி அலமாரியும் வடக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் வருவது அந்தப் பக்கத்துச் சன்னல்கள் வழியாக மட்டுமே. எண்பது வயதைக் கடந்த மாமியார், கண்புரை அறுவைக்குப் பிறகு, பகல் முழுவதும் தம் அறைச் சன்னலோரம் அமர்ந்துதான் சிலாவோஸ் பருப்பில் கல் பொறுக்குவார், பூத் தொடுப்பார். மின்விளக்கு வெளிச்சம் அவருக்குக் கண்ணைக் கூசச் செய்கிறது. இந்தப் பக்கத்து ஈரத்தைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்ததும் சுவரில் படியும் பூஞ்சணத்தை உலர்த்துவது அந்த வெயில்தான். கூரையின் வடக்கு ஓரத்தில் சூரிய வெந்நீர்த் தொட்டியும் இருக்கிறது.

வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசக்கூடியவர். ஆயினும் நான் பேச்சை எடுத்தபோது, "மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) அனுமதி வாங்கிவிட்டேன், வரைபடப்படிதான் கட்டுகிறேன்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். வாசலில் வைத்திருக்கும் அனுமதிப் பலகையில் உயரம் 7 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. பலகை வைத்து ஒரு மாதம் ஆகியிருக்கலாம். எங்கள் சமையலறைச் சன்னலுக்கும் அவர்களுடைய புதிய சுவருக்கும் இடையே 4 மீட்டர் இருக்கும்.

நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது என்றால் எங்களுக்குப் பேச உரிமையே இல்லையா? உரிமை இருந்தால், நாள்தோறும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களிடம் அதை எந்த வகையில் எடுத்துவைப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி: கட்டட வரைவாளர் (செயின்ட் பியேர்)

அம்மா, வணக்கம். முதலில் நாள்கணக்கைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். கட்டட அனுமதியை எதிர்த்து அண்டைவீட்டார் செயின்ட் தெனியில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக இரண்டு மாதம் மட்டுமே அவகாசம். அந்த இரண்டு மாதம் மேயர் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்லாமல், பொதுச் சாலையிலிருந்து படிக்கும்படி பலகை தொடர்ந்து வைக்கப்பட்ட முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. எனவே இன்றே அந்தப் பலகையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அது 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட செவ்வகப் பலகையாக இருக்க வேண்டும். அனுமதி பெற்றவரின் பெயர், அனுமதியின் எண்ணும் தேதியும், வேலையின் தன்மை, பரப்பு, கட்டடத்தின் உயரம், கோப்பைப் பார்வையிடக்கூடிய மேரியின் முகவரி, மூன்றாம் தரப்பினரின் மேல்முறையீட்டு உரிமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மேல்முறையீட்டு உரிமை குறித்த வரி இல்லையென்றால் அந்த இரண்டு மாதக் கெடு உங்களுக்கு எதிராக ஓடாது. ஆனால் கட்டடம் முடிந்து ஆறு மாதம் கடந்துவிட்டால் எந்த நிலையிலும் அந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்து, மேரிக்கு நேரில் சென்று கோப்பைக் கேளுங்கள். அது எவரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தனி வீட்டுக்கான கோப்பில் 2ஆம் எண் வரைபடம் மனையை மேலிருந்து காட்டுவது. 3ஆம் எண் வரைபடம் நிலத்தையும் கட்டடத்தையும் வெட்டிக் காட்டுவது. 5ஆம் எண் வரைபடம் முகப்புகளையும் கூரையையும் காட்டுவது. உங்களுக்கு முதன்மையானது 3ஆம் எண். பலகையில் உள்ள உயரம் இயல்பான நிலமட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், அவர்களுடைய மனை உங்கள் மனையைவிட மேடாக இருந்தால், அதே 7 மீட்டர் உங்கள் பக்கத்திலிருந்து எட்டாகவும் நிற்கக்கூடும். மட்டத்தைச் சரிபார்க்காமல் எந்தப் பேச்சுக்கும் போகாதீர்கள். பின்பு அந்த மண்டலத்துக்கான பி.எல்.யூ. (நகராட்சியின் நகரமைப்புத் திட்டம்) விதிகளை வாங்கி, அனுமதிக்கப்பட்ட உச்ச உயரமும், எல்லைக்கோட்டிலிருந்து விட வேண்டிய தூரமும் வரைபடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் வழக்குக்குக் கால் முளைக்கிறது. அனுமதி சட்டத்துக்கு முரணானதாக இருந்தால், அது வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மேயரே அதைத் திரும்பப் பெறவும் முடியும்.

இப்போது வெயிலின் கணக்கு. "எங்கள் வெளிச்சம் போய்விடும்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செவிசாய்ப்பதில்லை. எந்த மாதத்தில், எந்த அறையில், எவ்வளவு என்று சொன்னால் கட்டுபவரே நின்று கேட்பார். செயின்ட் ஆந்த்ரே ஏறத்தாழ 21 பாகை தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 அன்று உச்சிப்பொழுதில், அதாவது நம் கடிகாரத்தில் பன்னிரண்டே காலைத் தாண்டும்போது, சூரியன் வடக்கே ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் சுவரின் நிழல், சுவரின் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே விழும். அதே நாளில் காலை ஒன்பதரை மணியளவில் அது உயரத்தைப்போல் 1.3 மடங்கு நீளும்.

உங்கள் சன்னல் விளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டர் தள்ளி நிற்கும் 7 மீட்டர்ச் சுவர், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, உச்சிப்பொழுதில்கூட அந்த விளிம்புக்கு நேர் வெயிலை விடாது. சுவரை 1 மீட்டர் குறைத்தால், அந்த இருண்ட காலம் மே மாத நடுப்பகுதிக்குச் சற்று முன்பு தொடங்கி ஆகஸ்ட் முதல் நாள்களோடு முடியும். ஏறத்தாழ ஒரு மாத வெயில் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அந்த ஒரு மீட்டர் பெரும்பாலும் மொட்டைமாடியைச் சுற்றி எழுப்பும் கைப்பிடிச் சுவராகத்தான் இருக்கும். அதைக் கெட்டிச் சுவராகக் கட்டாமல் கம்பித் தடுப்பாக மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமானது, செலவும் குறைவு. தூண் கம்பிகள் மட்டும் நிற்கும் இந்தக் கட்டத்தில் அது வரைபடத்தில் ஒரு திருத்தம். காங்கிரீட் போட்ட பிறகு அது இடிப்பு வேலை ஆகிவிடும்.

வெந்நீர்த் தொட்டியைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கூரை மூன்றரை மீட்டர் உயரம் என்றால், சுவர் அதற்கு மேல் நிற்பது மூன்றரை மீட்டர். ஜூன் காலையில் அதன் நிழல் கூரை மட்டத்தில் சுவரிலிருந்து நான்கரை மீட்டர் தூரம் வரை வரும். சூரியத் தகடு சுவரிலிருந்து அதற்கும் அப்பால் இருந்தால் பெரும் பாதிப்பு இராது. அதற்குள் இருந்தால், குளிர்காலக் காலைகளில் தண்ணீர் சூடேறத் தாமதமாகும். தகட்டைக் கூரையின் தென்பகுதிக்கு நகர்த்தும் செலவை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதற்கு இது கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம்.

மறுமொழி: நொத்தேர் (சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதிவுசெய்யும் சட்ட அலுவலர்) அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் (செயின்ட் தெனி)

மகளே, உன் கேள்வியின் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். "அனுமதி வாங்கிவிட்டேன்" என்ற பதில் பாதி மட்டுமே சரி. கட்டட அனுமதி எப்போதும் மூன்றாம் தரப்பினரின் உரிமைகளுக்கு உட்பட்டே வழங்கப்படுகிறது. நகராட்சி பார்ப்பது நகரமைப்பு விதிகளை மட்டுமே. அடுத்த வீட்டுக்கு நேரும் இழப்பையும், மனைகளுக்கு இடையே உள்ள பழைய உரிமைகளையும் அது ஆராய்வதில்லை. ஆகவே முழுக்க முழுக்கச் சட்டப்படியான அனுமதியோடு எழுந்த கட்டடத்துக்கும், அண்டைவீட்டாருக்கு அளவுமீறிய தொந்தரவு தந்ததற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் பொறுப்பேற்க நேரலாம். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான கசாசியோன் நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டை 1986ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்றைய தீர்ப்பில் பொது நெறியாகவே நிறுவியது. 2024 ஏப்ரல் 15ஆம் நாள் சட்டத்துக்குப் பிறகு அது உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1253ஆம் பிரிவாக எழுத்திலேயே இருக்கிறது.

ஆனால் பொய்யான நம்பிக்கையை உனக்குத் தரமாட்டேன். வெயிலின்மீது எவருக்கும் பட்டா கிடையாது. மாடி கட்ட விதி இடங்கொடுக்கும் ஊர்ப்பகுதியில், ஒருநாள் பக்கத்தில் மாடி எழும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே என்று நீதிபதிகள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தொந்தரவு அளவுமீறியதா என்பதை இடம், சூழல், இழப்பின் அளவு மூன்றையும் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். நேரில் கண்ட வழக்குகளை வைத்துச் சொல்கிறேன்: கிடைப்பது பெரும்பாலும் இழப்பீடு, இடிப்பு ஆணை அரிது. அறை முழுவதும் பகலிலேயே இருண்டுபோகிறது என்று காட்ட முடிந்தவர்கள்தாம் வென்றிருக்கிறார்கள். அதற்கு இப்போதே, மாடி எழுவதற்கு முன்பே, முன்பு உய்சியே என்று அழைத்த கொமிசேர் தெ ஜுஸ்தீஸை (நேரில் கண்டதை நீதிமன்றம் ஏற்கும்படி பதிவுசெய்யும் சட்ட அலுவலரை) வரவழைத்து, ஒவ்வோர் அறையின் வெளிச்சத்தையும் பதிவுசெய்யச் செய். பின்னால் எழும் வழக்கில் "முன்பு இப்படி இருந்தது" என்பதை நிறுவ அதைவிட உறுதியான தாள் வேறில்லை. செலவு உன் கையைக் கடிக்கும் என்றால், வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் சட்டப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறதா என்று முதலில் பார். பல குடும்பங்கள் அதற்குப் பணம் கட்டிக்கொண்டே அதை அறியாமல் இருக்கின்றன.

இன்னொன்று, யாரும் கேட்க மறப்பது: உங்கள் சன்னல் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அது திறக்கும் சன்னலா, திறக்காத கண்ணாடியா? எல்லையிலிருந்து 1.90 மீட்டருக்குள் நேர்ப்பார்வைச் சன்னல் வைக்கக்கூடாது என்பது 678ஆம் பிரிவு. ஆனால் அப்படி வைத்த சன்னல் முப்பது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, யாருடைய எதிர்ப்புமின்றி இருந்துவிட்டால், அது பார்வைக்கான நில உரிமையாகவே மாறிவிடுகிறது. அதன்பின் எதிர்மனைக்காரர் அந்தச் சன்னலுக்கு நேரே 1.90 மீட்டருக்குள் பார்வையை மறைக்கும் எதையும் எழுப்ப முடியாது. மாறாக, வெளிச்சத்துக்காக மட்டும் உயரத்தில் பதித்த திறக்காத கண்ணாடியாக இருந்தால், அது எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை தராது. பக்கத்து வீட்டார் அதை மறைத்துக் கட்டலாம்.

உன் மாமனார் வாங்கிய மனையும் வடக்கு மனையும் ஒரே குடும்பச் சொத்திலிருந்து பிரிந்தவையா என்பதையும் பத்திரத்தில் பார். இந்தத் தீவில் ஒரே பெரிய வளாகத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு உருவான மனைகள் ஏராளம். பிரிப்பதற்கு முன்பே அந்தச் சன்னல் இருந்து, பிரிவினைப் பத்திரம் அதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை என்றால், 692 முதல் 694 வரையான பிரிவுகளின் கீழ் முப்பது ஆண்டுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுமொழி: லெ போர் வாசி

வணக்கம், சகோதரி. மேலே சொன்னவை எல்லாம் அறிவார்ந்தவை. ஆனாலும் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் ஒருமுறை அந்தக் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்து, மாமியார் உட்காரும் நாற்காலியில் அவர்களை உட்காரவைத்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டருகே மாடி எழுந்தபோது பெற்றோர் அதைத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டார் மாடியைக் கைவிடவில்லை. ஆனால் எங்களைப் பார்த்த சுவருக்கு அடர்நிறம் பூசவிருந்ததை விட்டு வெள்ளை பூசினார்கள், மாடிப்படியை வெளிப்புறமாக எங்கள் பக்கம் வைக்கவிருந்ததை மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். வெள்ளைச் சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம் சிறிதென்று எண்ண வேண்டாம்; மதியத்தில் எங்கள் சமையலறையில் விளக்கின்றியே கீரை ஆய முடிகிறது. நீதிமன்றத் தாள் முதலில் போயிருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது என்று நம்புகிறேன்.

மறுமொழி: நொத்தேர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

லெ போர் நண்பர் சொல்வதை மனதார ஏற்கிறேன். சட்டமும் அதையே கேட்கிறது: அண்டைவீட்டுத் தொந்தரவு வழக்கை நீதிபதியிடம் கொண்டுபோகுமுன் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். நீதித்துறை நியமித்த சமரசர் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஒன்றை மறக்காதே: நாற்காலியில் உட்கார்ந்து பேசும் நாள்களில் பலகையின் இரண்டு மாதம் நிற்பதில்லை. மேயருக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டோம், பதில் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைக் கரைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அனுமதியில் குறை இருப்பதாகத் தெரிந்தால் கெடுவுக்குள்ளேயே வழக்கறிஞரைப் பார். வழக்கு தாக்கல் செய்தால் பதினைந்து நாளுக்குள் அதன் நகலைப் பதிவுத் தபாலில் மேயருக்கும் அனுமதி பெற்றவருக்கும் அனுப்பியாக வேண்டும். தவறினால் வழக்கு வாசலிலேயே தள்ளுபடியாகும். அனுமதியில் குறையில்லை என்றால் அந்த நீதிமன்றத்தின் பக்கமே போகாதே. ஆதாரமின்றி வம்புக்காகப் போடும் வழக்குக்கு இழப்பீடு கட்ட நேரிடலாம். 1253ஆம் பிரிவின் வழிக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதற்கு அவசரமில்லை.

காரைக்கால் மகள்

பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கமும் நன்றியும். மேரிக்குச் சென்று கோப்பைப் பார்த்தேன். மாடியின் உயரமும், எல்லையிலிருந்து விட்ட தூரமும் அந்த மண்டல விதிகளுக்கு உட்பட்டே இருக்கின்றன. மனைகளின் மட்டத்திலும் வேறுபாடு இல்லை. 7 மீட்டரில் மேல் ஒரு மீட்டர், வரைவாளர் ஐயா கணித்தபடியே, மொட்டைமாடியின் கெட்டிக் கைப்பிடிச் சுவர். ஆனால் 2ஆம் எண் வரைபடத்தில் நான் அறியாத ஒன்றைக் கண்டேன்: கார் நிறுத்தும் கொட்டகை ஒன்று எல்லைக்கோட்டை ஒட்டியே, மாமியாரின் அறைச் சன்னலுக்கு நேர் எதிரே வரவிருக்கிறது. எல்லையை ஒட்டிக் கட்ட விதி இடந்தருகிறது என்று அலுவலர் பொறுமையாக விளக்கினார். எங்கள் சன்னல் எல்லையிலிருந்து 1.40 மீட்டரில் இருக்கிறது. இரண்டு கதவுகளும் திறக்கும் மரச்சன்னல், வீடு கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் இருப்பது. மனைகள் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களிடமிருந்து வாங்கியவை. பலகையில் மேல்முறையீட்டு வரியும் முறையாக இருக்கிறது.

அப்படியானால் மாடியைப் பற்றிக் கைப்பிடிச் சுவர் அளவில் மட்டும் பேசிவிட்டு, கொட்டகையைப் பற்றி உரிமையாகவே கேட்கலாமா? முப்பது ஆண்டுகளை எதைக்கொண்டு நிறுவுவது?

மறுமொழி: நொத்தேர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

கேட்கலாம், மகளே, உறுதியாகக் கேட்கலாம். மாடி விஷயத்தில் நீ கோருவது நல்லெண்ணம். கொட்டகை விஷயத்தில், ஆதாரம் நின்றால், நீ கோருவது உரிமை. இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து பேசாதே. சன்னலுக்கு நேரே வரும் பகுதி எல்லையிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால்தான் 1.90 மீட்டர் நிறைவாகும். கொட்டகையை முழுவதும் கைவிடும்படி நீ கேட்க வேண்டியதில்லை. சற்று உள்ளே தள்ளவோ, சன்னலைத் தாண்டி நகர்த்தவோ கேட்டால் போதும். அத்தகைய மாற்றத்துக்கு அவர்கள் மேரியில் திருத்த அனுமதி பெற வேண்டும் என்பதையும் சொல். அஸ்திவாரம் போடுமுன் செய்வது அவர்களுக்கும் நல்லது.

ஆதாரங்களுக்கு முதலில் மாமனாரின் பழைய கட்டட அனுமதியைத் தேடு. முகப்பு வரைபடத்தில் அந்தச் சன்னல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரான்சின் தேசிய நிலப்பட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் பழைய வான்வழிப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சன்னல் அவற்றில் தெரியாது, ஆனால் வீடு அந்த ஆண்டில் அதே இடத்தில் நின்றதைக் காட்டும். முற்றத்தில் எடுத்த திருமணம், காதுகுத்து, பொங்கல் படங்களில் பின்னால் சன்னல் விழுந்திருந்தால், எடுத்த ஆண்டு தெரியும்படி எடுத்து வை. தெருவில் அக்காலத்திலிருந்தே குடியிருக்கும் இரண்டு மூன்று பேரிடம் சாட்சியம் எழுதி வாங்கு. அவர்கள் தங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும், நீதிமன்றத்தில் காட்டப்படும் என்பதை அறிந்தே எழுதுவதாகவும் அதில் குறிப்பிட வேண்டும். இவற்றை ஓர் உறையில் சேர்த்துக்கொண்டு அந்தக் குடும்பத்தைச் சந்தி. ஒப்புக்கொண்டால், வாய்ச்சொல்லோடு விடாமல், நொத்தேர் முன்னிலையில் பார்வை உரிமையை அங்கீகரிக்கும் பத்திரமாக எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். நாளை அந்த வீடு கைமாறினாலும் வாங்குபவரை அது கட்டுப்படுத்தும்.

மறுமொழி: கட்டட வரைவாளர் (செயின்ட் பியேர்)

அம்மா, 3ஆம் எண் வரைபடத்தின் நகலும் இரண்டு சன்னல்களின் அளவுகளும் கிடைத்தால், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் மாதங்களுக்கான நிழல் வரைபடத்தை, கெட்டிக் கைப்பிடிச் சுவரோடும் கம்பித் தடுப்போடும் தனித்தனியே, நான் வரைந்து தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். அடுத்த தளத்தின் காங்கிரீட் எந்த வாரம் போடப்படும் என்று கொத்தனாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் கையில் சேர்த்துவிடுகிறேன்.